என் மனைவியின் டப்பாவில் நான் வைத்த பொட்டு

எனக்கு என் மனைவி மேல் பொறாமை. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினான் என்று வயிறெரிந்தால், கூடச் சேர்ந்து புலம்ப நாலு பேர் கிடைப்பார்கள். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து வயிறெரிகிறவன் யாரிடம் போய்ப் புலம்புவது?

மத்திகிரியில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு. அதில் ஒரு அறை என்னுடையது என்று கல்யாணமான மறுமாதமே சொல்லிவிட்டேன். உயிர்போன கீபோர்டுகள், பிரித்துப் போட்ட ஸ்பீக்கர்கள், ஒயர் சுருள்கள், மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஸ்கோப் ஒன்று, எல்லாம் அங்கேதான். வார நாட்களில் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. லீவு நாட்களில் நான் வேறு ஆள். ராயக்கோட்டையிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கச்சேரிக்காரர்களும் சர்ச்காரர்களும் ரிப்பேருக்குக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஸ்டாண்டில் கீபோர்டுக்காரர் வீடு என்று கேட்டால் போதும், ஆட்டோக்காரரே வாசலில் இறக்கிவிடுவார். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

பழைய கீபோர்டுகளின் வயிற்றைக் கிழித்து நானாக ஒரு சிந்தசைசர், அதாவது மின் அலையைச் சுரமாக்கும் வாத்தியம், செய்துகொண்டிருந்தேன். மூன்று வருட உழைப்பு. இருபத்து நாலு குமிழ்கள். ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு அலையும் அளவெடுத்து வெட்டின மாதிரி இருக்கும். சத்தம்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒருநாள் வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, உங்கள் மிக்ஸி கெட்டுப்போய்விட்டதா என்று கன்னடத்தில் அக்கறையாக விசாரித்தார்.

என் மனைவி ஊத்தங்கரைப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் போர்டு செய்யும் கம்பெனியில் ஏழு வருடமாக சால்டரிங் மேசை. நாள் முழுக்க ஈயத்தை உருக்கி வைப்பதுதான் வேலை. நான் வைக்கும் ஈயம் சாணி உருண்டை மாதிரி குவிந்து நிற்கும். ஒருநாள் அதைப் பார்க்கச் சகிக்காமல், "தள்ளுங்க, நான் வைக்கிறேன்" என்று சூட்டுக்கோலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் வைத்த ஒவ்வொரு புள்ளியும் பளபளவென்று மூக்குத்தி மாதிரி உட்கார்ந்தது. கைக்கு ஒத்தாசை கிடைத்ததென்று எனக்கு வாயெல்லாம் பல்.

பிறகு அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இந்த ஐசி என்ன செய்யும், இந்த ரெசிஸ்டரை மாற்றினால் சத்தம் ஏறுமா இறங்குமா. டிப்ளமா படித்தவன் அல்லவா, பெரிய வாத்தியார் மாதிரி படம் போட்டு விளக்கினேன். விளக்கின நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும்.

மூன்றே ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒரு வாத்தியம் செய்துவிட்டாள். பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா. மூடி மேல் எட்டு பித்தளைத் தகடுகள். விரலால் தொட்டால் சுரம், கொஞ்சம் அழுத்தினால் சுரம் மெல்ல வழுக்கி மேலே போகும். ஸ்கோப்பை அவள் தொடவேயில்லை. தன் குரலோடு ஒட்டிப் பாடிப் பாடியே சுதி சேர்த்தாள். அந்த அலையை ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தேன், கோணலும் மாணலுமாக இருந்தது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அது பாடியது. அதே வீட்டுக்கார அம்மா அதே மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, யார் பாடுவது என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரிப்பேருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க வந்த ராயக்கோட்டைக் கச்சேரிக்காரர் தன் கீபோர்டை மறந்துவிட்டு அந்த டப்பா முன்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் இந்த மாதிரி ஒன்று செய்து கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார். அது விளையாட்டுச் சாமான், மேடைக்கெல்லாம் ஆகாது என்றேன். சமையலறை வாசலில் நின்றிருந்தவள், எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான் என்று சிரித்தாள். அதுவும் எரிந்தது. என் பெருமையை இவள் எடுத்து எனக்கே பரிமாறுகிறாளா?

பிறகு வந்ததுதான் பெரிய அடி. மதிய இடைவேளையில் தோழிகளுக்குக் காட்டுவதற்காக டப்பாவைக் கம்பெனிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, ஆயுத பூஜையன்று மேடையில் சாமி பாட்டை நீதான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கம்பெனி முழுக்கக் குடும்பத்தோடு வருகிற நாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏழு வருசமா டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்புடறாங்க. அன்னிக்கி மைக்குல என் பேர சொல்லுவாங்களாங்க?"

சொல்லுவார்கள் என்றேன். இருபது நாள் சாயந்திரம், அடுப்பில் சாதம் கொதிக்கும்போதே உட்கார்ந்து அந்த ஒரே பாட்டை வாசித்துப் பழகினாள். நான் என் அறையில் இருபத்து நாலு குமிழ்களையும் திருகிக்கொண்டு, அவள் எங்கேயாவது தப்பு விடுகிறாளா என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். விடவில்லை.

ஆயுத பூஜைக் காலை. எங்கள் வீட்டில் சோறு போடுகிற சாமான் எதுவும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். வண்டி, கேஸ் அடுப்பு, சூட்டுக்கோல், ஸ்கோப், என் சிந்தசைசர். எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அவள் உள்ளே சேலை கட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் எட்டு மணிக்கு.

அவள் டப்பாவுக்கும் மூடி மேல் ஒரு பொட்டு வைத்தேன். அதோடு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. மூடியைத் திறந்தேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியும், அதைப் படம் போட்டு விளக்கினவனே நான்தானே. ஐசியின் இரண்டு கால்களுக்கு நடுவே ஈரம் பட்டால் போதும், சுதி கண்டபடி ஓடும். மோதிர விரலால் அங்கே மெல்லிசாகச் சந்தனத்தைத் தடவினேன். குங்குமம் வைக்கவில்லை. சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். வெறும் சந்தனம் என்றால், ஈயம் உருகும்போது வழியும் பிசின் கறை மாதிரிதான் தெரியும். இவ்வளவையும் யோசித்துத்தான் செய்தேன். மூடின டப்பாவுக்குள் ஈரம் அவ்வளவு சீக்கிரம் காயாது என்பது உட்பட.

அவள் டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வாசித்துப் பார்க்க நேரமில்லை. நான் பின்னாலேயே வண்டியில் போனேன்.

அவள் கம்பெனியில் மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரியும் கடலையும் பாக்கெட் போட்டு அடுக்கியிருந்தார்கள். மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். முழுப் பெயர், என் பெயரையும் சேர்த்து. மேடை ஏறி, கும்பிட்டு, முதல் தகட்டைத் தொட்டாள். கீச்சென்று கத்தியது. இரண்டாவதைத் தொட்டாள். அதுவும் கத்தி, மேலே மேலே ஏறி, நின்றுபோய், மறுபடி கத்தியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. பெரியவர்களும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்து தன் போனில் சாமி பாட்டைப் போட்டு மைக் முன்னால் பிடித்தார். அந்தப் பாட்டு முடியும்வரை அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையிலேயே நின்றாள். இறங்கிவிடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். முதல் கீச்சு கேட்டபோது ஒரு நொடி எனக்கு இனித்தது. ஒரே நொடிதான். அதற்குப் பிறகு அவள் நின்ற நிலையைப் பார்க்க முடியாமல் பொரிப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் மெதுவாகச் சொன்னாள், தன் சால்டரிங்தான் எங்கேயோ விட்டிருக்கிறது என்று. சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். "இருக்கும், ஏதாச்சும் ஒரு ஜாயின்ட் சரியா ஒட்டாம இருந்திருக்கும்" என்றேன். ஏழு வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு போர்டுகூட ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்ததில்லை என்று தெரிந்த வாயால்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். எந்த ஜாயின்ட் என்று என்னைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு தரம் சூடு காட்டிவிடு என்று மழுப்பினேன். அவள் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, ஊதி, உற்றுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ஐசியின் காலில் சூட்டுக்கோல் பட்டது. புகை எழுந்தது. அன்றைக்கு வீடு முழுக்கச் சந்தன வாசனைதான், ஆனால் சந்தனம் கருகுகிற வாசனை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறியது. அவள் சூட்டுக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து அந்த இடத்தை முகர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டு, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"இங்க மட்டுந்தானா, வேற எங்கயாச்சும் வச்சீங்களா?"

"அங்க மட்டும்தான்."

ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்துத் துடைத்தாள். மீதி இருந்த புள்ளிகளையும் விடாமல் முடித்தாள். மூடியைப் போட்டு ஒரு தகட்டைத் தொட்டாள். பாடியது. உடனே விரலை எடுத்துவிட்டாள்.

சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். இரண்டுக்கும் அவள் வழி விடவில்லை, எழுந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பா மூடியின் நாலு மூலையிலும் திருகு போட்டாள். அந்தத் திருகுக்குப் பொருந்துகிற ஒரே திருப்புளியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.