பிரவுன் பெல்ட் பக்தவத்சலம்

பக்தவத்சலத்துக்கு நாற்பத்தாறு வயது. அதில் ஒன்பது வருடம் பிரவுன் பெல்ட்.

கராத்தேயில் பிரவுன் பெல்ட்டுக்கு அடுத்தது கறுப்புப் பெல்ட். அதற்குப் பரீட்சை வைப்பவர் மெயின்லேண்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போர்ட் பிளேருக்கு வருவார். முதல் தடவை புயல். இரண்டாம் தடவை கொரோனா. மூன்றாம் தடவை மாமனார் காலமானார். நான்காம் தடவை நடுக்கடலில் போட் இஞ்சின் நின்றுவிட்டது. மற்றவர்கள் பரீட்சை எழுதாமல் காலைத் தூக்கி உதைத்துத் தேறிக்கொண்டிருந்த நேரத்தில், பக்தவத்சலம் ஹேவ்லாக் தீவுக்கு எதிரே மிதந்துகொண்டிருந்தார்.

இந்த ஜூலைதான் கடைசி. பரீட்சகருக்கு முழங்கால் வலி; இனித் தீவுப் பக்கம் வரமாட்டார். வேண்டுமானால் சென்னைக்குப் போய்க்கொள்ளலாம்.

லாங் ஐலண்ட் என்ற தீவில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் எழுத்தர். மனைவி வைஜெயந்தி அங்கேயே பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில், முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. மூன்றும் பக்தவத்சலம் பழைய உதிரிகளை வாங்கித் தானே பூட்டியவை. தீவுக் காற்றில் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், இரும்பு பீரோவுக்குள் எந்நேரமும் ஒரு பல்பு எரியும். அந்த வெதுவெதுப்பில் மேல் தட்டில் ஹார்ட் டிஸ்க்குகளும், நடுத் தட்டில் கராத்தே உடுப்பும், கீழ்த் தட்டில் வைஜெயந்தியின் பட்டுப்புடவைகளும் குடியிருந்தன. தன் புடவைகளுக்குக் கீழ்த் தட்டுதானா என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதற்கு அவர் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்கு ஊரே நன்றிக்கடன் பட்டிருந்தது. போட் நேர அறிவிப்பைத் தானே இணையத்தில் படித்து, ஊர்க்காரர்கள் போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றை பக்தவத்சலம் எழுதியிருந்தார். போட் தாமதமென்றால் ஒரு செய்தி. ரத்தென்றால் ஒரு செய்தி. இரண்டும் இல்லையென்றால், ‘போட் உண்டு, டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு வரவும்’. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. படகுத்துறையான ஜெட்டிக்கு நடந்துபோய்க் கரும்பலகையைப் பார்க்கும் பழக்கத்தையே ஊர் விட்டுவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி போட்டுக்குப் பதினோரு பேர் பெட்டி படுக்கையோடு ஐந்தரைக்கே ஜெட்டிக்கு வந்தார்கள். ஜெட்டியில் போட் இல்லை. தூறல் இருந்தது. கரும்பலகையில், வானிலை காரணமாகப் போட் ஐந்து மணிக்கே புறப்படும் என்று எழுதி, மழையில் பாதி அழிந்திருந்தது.

மறுநாள் பரீட்சைக்காக அதே போட்டுக்கு வந்திருந்த பக்தவத்சலம் அதை மூன்று முறை படித்தார். அவர் இருபத்தெட்டு வருடமாகத் தீவில் போட் ஏறுகிறார். தாமதமான போட்டைப் பார்த்திருக்கிறார். வராத போட்டைப் பார்த்திருக்கிறார். வந்த வழியே திரும்பிப் போன போட்டையும் பார்த்திருக்கிறார். முன்கூட்டியே கிளம்பிய போட்டை அவரும் பார்த்ததில்லை, அவருடைய தகப்பனாரும் பார்த்ததில்லை. ஆகவே அப்படி ஒன்று நடக்கலாம் என்று கம்ப்யூட்டருக்கு அவர் சொல்லி வைக்கவில்லை.

ஜெட்டி ஓரம் டீக்கடை வைத்திருக்கும் பேச்சியம்மா அடுப்பைப் பற்றவைத்தபடி கேட்டாள். “என்ன சார், உங்க மெஷின் தூங்கிருச்சா?”

“தூங்கல. அது சரியான டைம்தான் சொல்லுச்சு.”

“அப்போ போட்டுக்குத்தான் டைம் தெரியல.”

யாரும் சிரிக்கவில்லை. மளிகைக் கடை காதர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. காதரின் மகள் ஜஸ்னாவுக்கு மறுநாள் போர்ட் பிளேரில் நர்சிங் கல்லூரி கலந்தாய்வு. ஒரே நாள்; போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அந்தப் பெண் நெஞ்சோடு அணைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அவளுடைய பன்னிரண்டு வருடப் படிப்பு இருந்தது. அதன் மேல் விழுந்தவை மழைத்துளிகள் மட்டுமல்ல என்பதைப் பக்தவத்சலம் பார்த்தார். பார்த்த பிறகு தன் பெல்ட்டைப் பற்றி நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நினைத்தார்.

மதியத்துக்குள் காற்று வலுத்தது. எல்லாப் படகுகளும் நிறுத்தப்பட்டன. மழையில் ஊரில் போன் சிக்னலும் போய்விட்டது. மேட்டில் இருந்த பக்தவத்சலத்தின் வீட்டில் மட்டும், கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டிய ஆண்டெனா புண்ணியத்தில் கொஞ்சம் இணையம் மிச்சமிருந்தது.

அதை வைத்து அவர் இரண்டு பேரிடம் பேசினார். முதலில் கலந்தாய்வு அலுவலகம். கடலால் வர முடியாதவர்களை மறுநாள் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வீடியோவில் கூப்பிடுவோம், எப்போது என்று சொல்ல முடியாது, ஒருமுறைதான் கூப்பிடுவோம் என்றார்கள். அடுத்து போர்ட் பிளேரில் இருந்த அவருடைய கராத்தே குரு, சென்சாய் இராமகிருஷ்ணன். சென்சாய்க்கு வயது இருபத்தொன்பது. பரீட்சகரிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். பரீட்சகர் வீடியோவிலேயே பார்ப்பார், மறுநாள் பதினொரு மணிக்கு, இருபது நிமிடம். இரண்டு மணி ஃப்ளைட்டில் கிளம்பிவிடுவார்.

இரண்டு வீடியோவும் ஒரே நேரத்தில் ஓடுமா என்று, காதரையும் ஜஸ்னாவையும் வரவழைத்து அன்று மாலையே சோதித்தார்கள். ஓடவில்லை. சென்சாய் ஒற்றைக் காலைத் தூக்கிய நிலையில் திரையில் உறைந்து, ஆறு நிமிடம் அப்படியே நின்றார்.

ஜஸ்னா தரையைப் பார்த்தபடி சொன்னாள். “அங்கிள், நீங்க முடிச்சிட்டே குடுங்க. எனக்கு லேட்டாத்தான் வரும்.”

காதர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. லைனைக் கேட்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. அதைவிடத் திட்டியிருந்தாலே தேவலை என்பது போல இருந்தது.

அவர்கள் போன பிறகு பக்தவத்சலம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஜஸ்னாவின் ரேங்க், அவளுக்கு முன்னால் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் போட்டுச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். பதினொன்று நாற்பதுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று விடை வந்தது. அவர் பரீட்சை பதினொன்று இருபதுக்கு முடிந்துவிடும். நடுவில் இருபது நிமிடம் இருந்தது. ஒன்பது வருடம் அந்த இருபது நிமிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது.

வைஜெயந்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“ஏங்க, இதுவும் நீங்க எழுதினதுதானே?”

“ஆமா.”

“சரி,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பக்தவத்சலம் சென்சாயை அழைத்து, தன்னால் வர முடியாது, லைன் வேறு வேலைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

“அண்ணே, இத விட்டா மெயின்லேண்டுதான்.”

“தெரியும் சென்சாய்.”

“சோச் லோ அண்ணே, இன்னும் டைம் இருக்கு.”

யோசித்தாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கை போன் மேலேயே இருந்தது. பிறகு எழுந்து குளித்து, பீரோவைத் திறந்து, கராத்தே உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெல்ட்டையும் கட்டினார். வைஜெயந்தி ஏன் என்று கேட்டாள். துவைத்துத் தேய்த்தது வீணாகக் கூடாது என்றார்.

பத்து மணிக்கு முன்னறையில் ஜஸ்னா கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் கண்ணாடி இரண்டு வருடமாக இல்லை, கொசுவலை மட்டும்தான். வராந்தாவில் காதர், பேச்சியம்மா, போட்டைத் தவறவிட்ட மற்றவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். தங்கள் போட்டைக் கவிழ்த்தவர் இந்தப் பெண்ணையாவது கரை சேர்ப்பாரா என்று பார்க்க வந்தவர்கள்.

பதினொரு மணி ஆனது. அழைப்பு வரவில்லை. வெள்ளை உடுப்பில் தூண் போல நின்றவரைப் பேச்சியம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

“டிரெஸ்ஸெல்லாம் போட்டாச்சு. சும்மா நின்னா எப்படி சார்? பரீச்சைல என்ன செய்வீகளோ அதச் செய்யுங்க. நாங்க பாக்கோம்.”

பக்தவத்சலம் வெட்கப்படவில்லை. வராந்தாவிலிருந்து ஈர முற்றத்தில் இறங்கினார். குனிந்து வணங்கினார். ஒன்பது வருடமாகத் தினமும் விடிகாலையில் செய்த காத்தாவை, அதாவது கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு வரிசைப்படி போடும் சண்டையை, ஆரம்பித்தார். அந்தக் காத்தாவில் இரண்டு இடத்தில் அடிவயிற்றிலிருந்து முழுச் சத்தம் எழுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் மதிப்பெண் குறைப்பார்கள்.

பதினொன்று ஒன்பதுக்கு உள்ளே மணி அடித்தது. ஜஸ்னா தன் பெயரைச் சொல்லும் குரல் கேட்டது. வராந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பக்தவத்சலம் நிறுத்தவில்லை; காத்தாவை நடுவில் நிறுத்துவது வழக்கமில்லை. முதல் சத்தத்துக்கான இடம் வந்தது. குத்தினார். வாயை முழுதாகத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டாவது இடத்திலும் அப்படியே. கடைசி அடி எடுத்து வைத்து, திரும்பி நின்று வணங்கியபோது முகம் செக்கச் சிவந்திருந்தது. வராந்தாவில் ஒருவரும் அசையவில்லை.

கதவு திறந்தது. ஜஸ்னா ஆமென்று தலையை ஆட்டினாள். இடம் கிடைத்துவிட்டது.

காதர் மகளின் தலையில் கை வைத்தார். பிறகு முற்றத்துக்கு இறங்கி வந்து, ஒரு நாள் முழுக்கப் பேசாதவர், பக்தவத்சலத்தின் எதிரே நின்றார்.

“சார், ரெண்டு எடத்துல வாயத் தொறந்தீங்களே. அங்க ஏதோ சத்தம் வரணுமோ?”

“வரணும் பாய்.”

“புள்ளைக்காக முழுங்கிட்டீங்க.”

பக்தவத்சலம் பெல்ட் முடிச்சைச் சரிசெய்தார்.

“இப்பப் போடுங்க சார்,” என்றார் காதர். “உள்ள முடிஞ்சிருச்சு.”

பக்தவத்சலம் கால்களை அகட்டி நின்று கத்தினார். தென்னையிலிருந்த காக்கைகள் பறந்தன. கீழே ஜெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு நாய் பதில் சொன்னது. சமையலறையிலிருந்து வைஜெயந்தி கரண்டியோடு ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை, இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதையும் கத்தினார்.