மில்லுக்குப் போகாத ஸ்பின்ஸ்டர்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மாப்பிள்ளைக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். எங்கள் சபை வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்கிற அறிவிப்புதான். எங்கள் கோயிலில் அதைக் காலை ஆங்கில ஆராதனையில் வாசிப்பது வழக்கம்.

முதல் ஞாயிறு, மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் 'பேச்சிலர்' என்றும் என் பெயருக்குப் பின்னால் 'ஸ்பின்ஸ்டர்' என்றும் போதகர் வாசித்தார். கல்யாணமாகாதவள் என்பதற்கு வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ வைத்த சொல் அது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். அவருக்கு ஸ்பின்னிங் என்றால் நூல் மில்தான்.

ஆராதனை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பொண்ணு டைப் அடிக்குதுன்னுதான சொன்னீங்க? மில்லு வேலை ஒண்ணும் கேவலமில்ல. நானே பஞ்சுக்குள்ள வளந்தவ. அத மறைச்சீங்க பாருங்க, அதான் சங்கடமா இருக்கு."

அப்பா வாயால் விளக்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் ஆங்கில அகராதியை எடுத்துவந்தார். "கல்யாணமாகாத பெண்" என்று தமிழில் சொன்னவர், அடுத்த வரியையும் விடாமல் சொன்னார்: "குறிப்பாக, கல்யாண வயதைக் கடந்தவள்."

"அப்போ வயசையும் மறைச்சிருக்கீங்க" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "வெளிச்சத்துக்கு வாம்மா" என்று ஜன்னலருகே நிறுத்தி, வகிட்டை விலக்கி நரைமுடி தேடினார். எனக்கு இருபத்திமூன்று வயது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குனிந்து நின்றேன்.

மறுநாள் இரு வீட்டாரும் போதகரிடம் போனோம். "சொல்ல மாத்த முடியாதும்மா. வேணும்னா வெளக்கம் சேத்துக்கலாம்" என்றார் அவர். சொன்னபடி இரண்டாம் ஞாயிறு 'ஸ்பின்ஸ்டர்' என்று வாசித்து நிறுத்தி, "அதாவது, மில் ஊழியர் அல்லர், வயதானவரும் அல்லர்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று சேர்த்தார். அதுவரை எதையும் கவனிக்காமல் இருந்தவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் எழுந்து, பெண்ணின் வயதில் ஏதாவது தகராறா என்று கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு, தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களும் சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தார்கள். மணியடிக்கும் கோயில் பணியாளரான கோயில்குட்டி, வாசலில் என்னை நிறுத்தி, "இன்னாமா, இன்னிக்கு மில்லு தொறந்துகீதா, லீவா?" என்று கேட்டார்.

அன்று என் அம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பட்டதாரி என்று கோயிலிலேயே வாசித்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பேச்சிலர் என்றால் அவருக்குப் பி.ஏ., பி.எஸ்ஸிதான். அது போதகர் காதுக்கும் எட்டியிருக்கிறது. பெண்ணுக்கு விளக்கம் சொல்லி மாப்பிள்ளையை விட்டால் நியாயமாகாது என்று நினைத்தாரோ என்னவோ, "பேச்சிலர், அதாவது பட்டம் எதுவும் பெறாதவர்" என்று வாசித்தார்.

மாப்பிள்ளை பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். என் அம்மா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "ஐ.டி.ஐ-தானா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"முதல்லயே சொன்னேனே. நீதான் கேக்கல" என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சம்பந்தி. ஒங்க பொண்ணு மில்லுக்குப் போகல, எம்மவன் காலேஜுக்குப் போகல. சரியாப் போச்சு." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு புடவை எடுக்க இருவரும் சேர்ந்தே போனார்கள். எங்களைக் கூப்பிடவில்லை.

அந்த மூன்றாம் ஞாயிறு, கோயில் வாசலில் சைக்கிளை எடுக்கும்போதுதான் மாப்பிள்ளை என்னிடம் முதன்முதலாகத் தனியாகப் பேசினார்.

"நீங்க டைப் அடிக்கிறது நெஜந்தானே?"

"நெஜந்தான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.