அடைக்கலநாதனின் காற்றுக்குழாய்

குருநகர் அடைக்கலநாதன் தன் ஒஸ்ரின் காரைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. அவருடைய கோபமெல்லாம் அதற்குள் ஊற்ற வேண்டியிருந்த மண்ணெண்ணெய் மேல்தான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துக்குப்பி அளவில்தான் அகப்பட்டது. அதில் நாலு சொட்டை விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் கார் வெள்ளைப் புகை கக்கி, இருமி, சந்தியில் நின்றுவிடும்.

மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை வந்தபிறகுதான் அவர் காரை வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். வள்ளத்தில் மண்ணெண்ணெய் இயந்திரத்தோடு பழகிய மனிதருக்கு, தரையில் அதே எண்ணெய் தன்னை அவமானப்படுத்துவது பொறுக்கவில்லை.

"குளிர்ந்த காத்து உள்ளுக்குப் போனால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. காத்தைச் சுடவைச்சுக் குடுக்கவேணும்," என்று மனைவி யோசப்பினிடம் சொல்லிவிட்டு, அவள் சீனி போட்டு வைத்திருந்த பெரிய பிஸ்கட் ரின்னைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"இஞ்சேருங்கோ, எறும்பு வரப்போகுது!"

"வரட்டும்."

இயந்திரத்தின் புகை வெளியேறும் இரும்புக் குழாய் அடுப்புப்போலச் சுடும். அதைச் சுற்றி ரின் தகட்டை வளைத்து ஈயம் வைத்து ஒட்டினார். அதற்குள் சூடேறும் காற்று ஒரு குழாய்வழியாக, எண்ணெயும் காற்றும் கலக்கும் காபரேட்டருக்குப் போகும் என்பது கணக்கு. நல்லூர் வரைக்கும் போயிற்று. அங்கே ஈயம் உருகி, தகடு தெருவில் விழுந்து கலகலவென்று உருண்டது. கோயிலுக்கு வந்த சனம் திரும்பிப் பார்த்தது.

அடுத்த தடவை ஈயம் வைக்காமல் தகட்டைக் கம்பியால் வரிந்து இறுக்கினார். குழாய்க்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டார். இயந்திரம் இழுத்த இழுப்பில் ரியூப் ஒட்டி நெளிந்து காற்றை அடைத்துவிட்டது. வேலிக்கம்பியைச் சுருளாக வளைத்து ரியூப்புக்குள் நுழைத்தார். அது சரிவந்தது. ஆனால் மத்தியான வெயிலில் காற்று அளவுக்குமேல் சூடாகி, கார் சின்னப் பாலத்திலேகூட ஏற மறுத்தது. கடைசியில் காரின் முன்பக்கச் சல்லடைக்குப் பின்னால் குளிர்ந்த காற்றுக்கு இன்னொரு வாய் வைத்து, எந்த வாயால் காற்று எடுப்பது என்று மாற்றுவதற்கு ஒரு மூடியும் பொருத்தினார். சைக்கிள் பிறேக் கம்பியை ஆசனத்தருகில் இருந்து இழுத்தால் மூடி மாறும். கையெல்லாம் கீறலும் கொப்புளமுமாக இருந்தது அவருக்கு.

கார் ஓடியது. புகைகூடக் குறைந்தது. அந்தத் துணிவில்தான், அயலில் இருந்த லூர்த்தம்மாவின் மகள் யசிந்தாவின் கலியாண வாடகையை அவர் ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை சாவகச்சேரி. கலியாணம் நடக்கும் வேதக்கோயிலும் அங்கேதான்.

புறப்படுகிற காலையில் அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் பெண்வீட்டார் காரை வெள்ளைக் கடதாசிப் பட்டிகளால் சோடித்துவிட்டார்கள். சல்லடையிலும் கட்டியிருந்தார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. கலியாண வீட்டில் என்ன கதைப்பது என்று ஏறிவிட்டார்.

பொம்பிளையும் தாயும் தோழியும் காருக்குள். மற்றவர்களெல்லாம் பின்னால் சைக்கிளில். நாவற்குழி தாண்டியதும் வெயில் ஏறியது. கம்பியை இழுத்து முன்வாய்க்கு மாற்றினார். கொஞ்சத் தூரந்தான். கார் மூச்சடைத்துத் திணறி, கைதடிப் பக்கத்து வெறுந்தெருவில் நின்றுவிட்டது.

"உன்ரை அந்தக் குழாய்தான்," என்றாள் லூர்த்தம்மா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

"குழாயிலை ஒரு பிழையும் இல்லை!"

அவர் எண்ணெய் வரும் பைப்பைக் கழற்றி ஊதினார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். வயரைப் பிடித்துப் பார்த்துக் கையில் மின்சார அடி வாங்கினார். குழாயை மட்டும் தொடவில்லை. தொட்டால் லூர்த்தம்மா சொன்னது உண்மையாகிவிடும். சைக்கிள்காரர்கள் வந்து சேர்ந்து வளையமாக நின்றார்கள். யசிந்தாவின் தமையன் சந்தியோகு குனிந்து, "அண்ணை, உந்தக் குழாயை ஒருக்காப் பாத்தால் என்ன?" என்றான்.

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

வேர்வையில் முகப்பவுடர் கரைந்த யசிந்தா கதவைத் திறந்து இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தமையனைப் பார்த்தாள். "அண்ணை, சைக்கிளைக் கொண்டா. பூசை வைக்கிற சுவாமி காத்துக்கொண்டு நிப்பார்."

"எடி, கலியாணப் பொம்பிளை சைக்கிள் பாறிலை இருந்தோ போறது!" என்று தாய் தலையில் கை வைத்தாள்.

"பேந்து எப்பிடியம்மா போறது? இந்தக் காரிலையோ?"

முக்காட்டுத் துணி காற்றில் பறக்க அவள் போனாள். தாய் இன்னொரு சைக்கிளின் கரியரில், தோழி வேறொன்றில். அடைக்கலநாதன் தனியே நின்றார். எல்லோரும் கண்ணுக்கு மறைந்தபிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிளக்குகளையும் பைப்பையுமே மாறி மாறிக் கழற்றிப் பூட்டினார்; வேறு வழியில்லாமல்தான் கடைசியில் சல்லடைக்குள் கைவிட்டுப் பார்த்தார். உள்ளிழுபட்ட வெள்ளைக் கடதாசி, குழாயின் வாயில் பந்தாக அடைந்து கிடந்தது. பிடுங்கி எறிந்தார். இயந்திரத்தை எழுப்பும் ஹாண்டிலைப் போட்டு ஒரே சுற்று. வெயிலில் சூடு ஆறாத இயந்திரம் மண்ணெண்ணெயிலேயே எழும்பிவிட்டது.

அவருக்கு அழுகையும் வந்தது, காரை உதைக்கவும் வேண்டும்போல இருந்தது.

கோயிலுக்குப் போனபோது பூசை முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நின்றார்கள். "குழாயிலை பிழையில்லை. நீங்கள் கட்டின கடதாசிதான்," என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். யசிந்தாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தபோது அவள் கூச்சத்தோடு, "வேண்டாம் அண்ணை, மாப்பிள்ளை வீடு கிட்டத்தானே. நாங்கள் சைக்கிளிலை போறம்," என்றாள்.

குருநகர் திரும்பும்போது காரில் ஏறியது லூர்த்தம்மா மட்டும். கரியரில் இருந்து இடுப்பு பிடித்துவிட்டதாம். கார் எங்கும் நிற்கவில்லை, இருமவில்லை. அவர் ஒரு சொல்லை எதிர்பார்த்துக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

பண்ணைக் கடல்பக்கக் குளிர்காற்று முகத்தில் அடித்தபோதுதான் அவள் வாய் திறந்தாள். "அடைக்கலம், உன்ரை காருக்குள்ளை குப்பிவிளக்கு மணமெல்லோ மணக்குது. என்ரை பட்டுச்சீலையெல்லாம் நாறிப்போச்சு."

அவர் கம்பியை இழுத்து மூடியைச் சூட்டுக்காற்றுப் பக்கம் மாற்றினார்.