பீஸ் டூர் வேனில் வந்தவர்கள்

வந்தவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்று, சிரிக்க முடியாத இடத்துக்கு அழைத்துப் போவதுதான் என் பிழைப்பு. கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள இரண்டாம் உலகப் போர் நினைவிடங்களைக் காட்டி, இனி இப்படி நடக்கவே கூடாது என்று சொல்லும் வழிகாட்டி நான். கையில் கொடியும் தொண்டையில் கரகரப்புமாக ஒரு கூட்டத்தை மேய்த்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பாயும் பந்தும்

கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள். வேன் நிறையப் பாய், துண்டு, காற்றடித்த பந்து, அண்டாவில் பிரியாணி. ஒருவர் நீச்சல் கால்சட்டையே போட்டிருந்தார். நான் போனில் சொன்ன 'பீஸ் டூர்', அதாவது அமைதிச் சுற்றுலா, அவர்களுடைய சூப்பர்வைசர் முருகன் காதில் 'பீச் டூர்' என்று விழுந்திருக்கிறது.

போர்வீரர் கல்லறை வாசலில் இறங்கியதும் எல்லோரும் முருகனைப் பார்த்தார்கள். வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வந்தது வந்தோம், பார்த்துவிட்டே போகிறோம் என்றார்கள். ஒரு மணி நேரம் கூடவே நடந்தார்கள். பிறகு வெளியே மரத்தடியில் பாயை விரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அடுத்த முறை எழுத்திலேயே அனுப்புகிறேன் என்று மன்னிப்புக் கேட்டேன். முருகன் சொன்னார்: "கடல் எங்கயும் போயிடாதுக்கா. இவங்களப் பாக்கத்தான் ஆள் வரணும்லா."

செருப்பு

அதே கல்லறைக்கு இன்னொரு நாள் கிள்ளானிலிருந்து பொன்னம்மா ஆன்டி வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்ற, மழையில் நனைந்த புல்லில் எல்லோரும் கூசிக் கூசி நடந்தோம்.

எந்தப் படை, எந்தப் பக்கமாக வந்தது என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆன்டி அதைக் காதிலேயே வாங்கவில்லை. வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு கல்லிலும் கடைசி வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்திவிட்டு, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. நம்பர் தெரியும். இந்த வரிசையில ஒருத்தனுக்கும் முப்பது ஆகல."

பாதிச் சரம்

டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலருகே சிறிய நினைவுக்கல் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தோட்டத் தொழிலாளர்களுக்கானது. அங்கே போனால் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்தில் தொலைந்துபோனவரின் பெயரைச் சொல்லிப் பூ வைப்பது எங்கள் வழக்கம்.

ஒரு முறை ஜோசப் என்பவர் மட்டும் தள்ளியே நின்றார். பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வெயிலுக்கு ஒதுங்குகிறார் என்று நினைத்துக் கூப்பிட்டேன். அவர் தணிந்த குரலில் சொன்னார்: அவருடைய தாத்தா சயாமுக்குப் போகவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, யார் யாரை அனுப்புவது என்ற பட்டியலை எழுதியவர். எழுதாவிட்டால் அவரையும் அனுப்பியிருப்பார்கள் என்று வீட்டில் சொல்வார்களாம். ஆனாலும் எழுதினார். இங்கே தான் எந்தப் பெயரைச் சொல்வது என்று கேட்டார்.

நான் கையிலிருந்த மைக்கை அணைத்தேன். பக்கத்தில் நின்ற லெட்சுமி அக்காவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. கிள்ளானில் பூ விற்பவர். அவருடைய தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அக்கா வேனை நோக்கி நடந்தார். போச்சு, இனி இரண்டு பேரையும் ஒரே வண்டியில் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று யோசித்தேன்.

அக்கா மல்லிகைச் சரத்தோடு திரும்பி வந்தார். அதைப் பாதியாக அறுத்தார். ஒரு பாதியை ஜோசப்பின் கையில் வைத்தார். "உங்க தாத்தாவுக்கு என்னால பூ வைக்க முடியாதுண்ணே. எங்க தாத்தாவுக்கு நீங்க வைங்க."

ஊரைக் கூட்டி அமைதியைப் பற்றிப் பேசுவது என் வேலைதான், ஆனால் சொல்ல வேண்டியதை எப்போதும் வந்தவர்களே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.