அப்படி யாரும் இங்க இல்லீங்க

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் ஸ்டிக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பெரியவர்களும் அப்படித்தான். சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலர், பட்டன், கைப்பட்டை, பாக்கெட் என்று விரலால் தடவிப் பார்ப்பாள். தையல் விட்டுப்போன இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று, சில நாள் தலைமுடியில் ஒன்று என்று அம்புகள் கூடவே வரும். அவற்றைப் பிய்த்தெடுப்பது மகளின் வேலை. பிய்த்ததைச் சும்மா தூக்கிப்போடுவாளா? அலமாரிக் கதவு முழுக்க ஒட்டி வைத்திருந்தாள்.

அவளுடைய நிஜப் பெயர் கட்டடத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். வாசலை ஒட்டிய கடையில் மின்விசிறி ரிப்பேர் பார்க்கும் ஃபேன் மாமா ஒருவர். மூன்றாம் மாடியில் எதிர்வீட்டு அக்கா இன்னொருவர். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் 'இல்லை' என்று சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கை நீட்டுகிற புருஷனிடமிருந்து தப்பி, ஒரு பையும் மகளுமாக வேற்றூருக்கு வந்து சேர்ந்தவள் அவள். வந்த அன்றே இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் புருஷனின் ஆட்கள் உண்மையாகவே தேடி வந்தார்கள். ஃபேன் மாமா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று அனுப்பி வைத்தார். அப்புறம் வருவது நின்றுபோனது. பயம் மட்டும் காலி பண்ணிக்கொண்டு போகவில்லை. வாடகை கொடுக்காத குடித்தனம் மாதிரி அந்த ஒற்றை அறையிலேயே இருந்துகொண்டிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி மேனேஜர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார்.

"செக்கிங் சூப்பர்வைசர் இடம் காலியாகுது. உங்களைத்தான் போடலாம்னு இருக்கேன். ஆனா நிரந்தர ஆளுங்களுக்கெல்லாம் சம்பளம் பேங்க்லதான். மாசக் கடைசிக்குள்ள அக்கவுண்ட் நம்பர் கொடுத்துடுங்க. இல்லைன்னா மேலிடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இத்தனை நாள் காண்ட்ராக்டர் கையால் வாரக்கூலி வாங்கிக்கொண்டிருந்தவள். "நாளையிலேர்ந்து வேண்டாம்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடுத்தெருதான். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பெயரில் இதுவரை ஒரு கணக்கு இருந்ததே இல்லை. பழைய ஊரில் அவள் சம்பாதித்ததெல்லாம் நேராகப் புருஷன் கணக்குக்குப் போகும். மழைக்கு ஒரு குடை வாங்க வேண்டுமென்றாலும் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

மறுநாளே பேங்குக்குப் போனாள். குறைந்தபட்சம் இவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று இருந்தது. அதற்கு விண்ணப்பம் எழுதினாள். பேனாவைக் கயிற்றில் கட்டிப்போட்டிருந்தார்கள், விட்டால் ஓடிப்போய்விடும் போல. "ஒரு வாரத்துல ஆயிடும்மா" என்றார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போனால், "ப்ராசஸ்ல இருக்கு" என்றார்கள். அடுத்த முறை, "மேல போயிருக்கு" என்றார்கள். மேலே என்றால் மாடியா என்று அண்ணாந்து பார்த்தாள். அந்த பேங்குக்கு மாடியே இல்லை. ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி போனதுதான் மிச்சம். வேலைக்குப் போகிற ஏழை பாழைகளுக்கு நேரம் என்று ஒன்று இருக்கும் என்பது கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாதோ என்னவோ.

நான்காவது தடவை கவுண்டரில் வேறொரு பெண் இருந்தார். அவர்தான் பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் துழாவிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"விலாசம் சரிபார்க்கறதுக்கு எங்க ஆள் ரெண்டு தடவை வந்திருக்காரும்மா. 'அப்படி ஒருவர் அங்கு வசிக்கவில்லை'ன்னு ரிப்போர்ட் போட்டிருக்காரு."

"நான் வசிக்கலையா?"

"ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

"அப்போ காலையில அந்த வீட்டைப் பூட்டிட்டு வந்தது யாருங்க?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு தடவை ஆளை அனுப்பச் சொல்றேன். இதுதான் கடைசி. இப்பவும் இல்லைன்னு வந்தா விண்ணப்பத்தை மூடிடுவாங்க. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

முதலிலிருந்து ஆரம்பித்தால் மாதக் கடைசி தாண்டிவிடும். "எப்போ வருவாரு? அன்னிக்கு லீவு போட்டுட்டு இருக்கேன்."

"முன்கூட்டியே சொல்லிட்டு வந்தா அது விசாரணையா?"

வீடு திரும்பும்போது கொதித்துக்கொண்டே வந்தாள். வந்தவன் பக்கத்துத் தெருவில் டீ குடித்துவிட்டு வாய்க்கு வந்ததை எழுதியிருப்பான் என்றே நினைத்தாள். கடை வாசலில் ஃபேன் மாமாவிடம் அப்படியே கொட்டித் தீர்த்தாள். அவர் கையிலிருந்த இறக்கையைத் துடைப்பதை நிறுத்தினார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"கழுத்துல அட்டை, கையில ஃபைலு, ஒல்லியா ஒருத்தனா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாம்மா இல்லைன்னு சொன்னேன். உன் பேரை முழுசாச் சொல்லிக் கேட்டான். ஒருத்தரை முழுப் பேர் சொல்லித் தேடி வர்றவன் நல்லவனா இருக்க முடியுமா சொல்லு. அப்படி யாரும் இங்க இல்லவே இல்ல, அவங்க காலி பண்ணிட்டுப் போயும் ரொம்ப நாளாச்சுன்னு சொன்னேன்."

"ரெண்டும் எப்படி மாமா ஒண்ணாப் பொருந்தும்?"

"அவன் எழுதிக்கிட்டானே!"

சத்தம் கேட்டுக் கீழே இறங்கி வந்த எதிர்வீட்டு அக்கா இன்னொரு படி மேலே போயிருந்தாள். மாடிவரை ஏறி வந்தவனை, பொம்பளைங்க இருக்கிற இடத்தில் என்ன வேலை என்று கேட்டு விரட்டியே விட்டிருந்தாள். ஸ்டிக்கர் அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவர்களை எப்படித் திட்டுவது? அவள் கேட்டுக்கொண்டதைத்தானே அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறார்கள்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சரி விடு. இனிமே ஃபைலோட யார் வந்தாலும் நீ இருக்கேன்னு சொல்லிடறோம்" என்ற அக்கா, அடுத்து மெல்லக் கேட்டாள்: "ஏன்டி, நிஜமாவே உன் வீட்டுக்காரன் ஆளு ஒரு ஃபைலைத் தூக்கிட்டு வந்தா?"

ஃபேன் மாமா இறக்கையைத் திரும்பத் துடைக்க ஆரம்பித்தார். கணக்கு வேண்டுமென்றால் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தால் அவனும் கண்டுபிடிக்கலாம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கம்பெனியில் பட்டன் இல்லாத சட்டை ஒன்றையே 'சரி' என்று தள்ளிவிட்டு, பக்கத்து மேஜைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாடி ஏறும்போது மகளின் குரல் கேட்டது. எதிர்வீட்டுப் பிள்ளையோடு வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு அட்டைப்பெட்டிதான் வீடு. எதிர்வீட்டுப் பிள்ளை பெட்டியைத் தட்டி, "வீட்டுல யாரு?" என்றது. உள்ளேயிருந்து மகள், தயங்காமல், பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னாள்: "அப்படி யாரும் இங்க இல்லீங்க."

அடி வாங்கியபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அங்கே அவன் தன் பெயரோடு, தன் வீட்டில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறான். இங்கே தன் மகள் 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொண்டு வளர்கிறாள். இது என்ன நியாயம்?

மறுநாள் கம்பெனி ஸ்டோரில் கேட்டு ஒரு சுருள் அம்பு ஸ்டிக்கர் வாங்கி வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு கேட்டிலிருந்து ஆரம்பித்தாள். கேட்டில் ஒன்று, கடைச் சுவரில் ஒன்று, படிக்கட்டுக் கைப்பிடியில் வரிசையாக, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போய், கடைசி அம்பைத் தன் வீட்டுக் கதவைப் பார்த்து ஒட்டினாள்.

"என்னம்மா, கட்டடம் முழுக்கப் பழுதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கீழேயிருந்து கேட்டார் ஃபேன் மாமா.

"ஆமா மாமா. இனிமே யார் வந்து கேட்டாலும் இருக்கேன்னு சொல்லுங்க."

"யார் வந்தாலுமா?"

"யார் வந்தாலும்."

எதிர்வீட்டு அக்கா கதவில் சாய்ந்துகொண்டு, "வரட்டும்டி. நாங்க எங்க போயிட்டோம்? இங்கதானே இருக்கோம்" என்றாள்.

கம்பெனியின் வார விடுமுறையன்று துணி அலசிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. ஈரக் கையோடு போய் ஒரு சாண் திறந்தாள். மூச்சு வாங்க ஒரு ஒல்லி மனிதர், அவளுடைய முழுப் பெயரையும் சொல்லி, "அவங்க இருக்காங்களா?" என்றார்.

நாலு வருஷமாக வேற்று மனிதர் வாயில் கேட்டால் குலை நடுங்கிய பெயர். அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்து தானாகச் சொன்னது:

"அப்படி யாரும் இங்க இல்லீங்க."

அந்த மனிதர் சுவரில் சாய்ந்தார். "மூணாவது தடவை வர்றேம்மா. முதல் தடவை இல்லைன்னாங்க, அடுத்த தடவை விரட்டிவிட்டாங்க. இன்னிக்குக் கீழ கடைக்காரர் எழுந்து நின்னு, 'இருக்காங்க சார், அம்பைப் பார்த்துட்டே போங்க'ன்னு அனுப்பினாரு." கதவின் பக்கம் கையைக் காட்டினார். "அப்போ இந்த அம்பு யாரைக் காட்டுது?"

அப்போதுதான் அவர் கழுத்தில் தொங்கிய பேங்க் அட்டை அவள் கண்ணில் பட்டது. பின்னால் அறைக்குள் மகள் எழுந்து நிற்பது தெரிந்தது. கதவைச் சுவரோடு சுவராகத் திறந்தாள்.

"என்னைத்தான்."

"யாரு நீங்க?"

முழுப் பெயரையும் சொன்னாள். பத்தாது என்று தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு தடவை, மூன்று மாடிக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான்தான் அது. இந்த வீட்டுலதான் இருக்கேன். என் பொண்ணும் இங்கதான் இருக்கா."

"இருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல ஒருத்தர் சொல்லணுமே..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் எதிர்க்கதவு திறந்தது. "இருக்கா! நல்லா எழுதிக்கோங்க!" என்றாள் அக்கா. கீழேயிருந்து ஃபேன் மாமாவின் குரல் படி ஏறி வந்தது: "இருக்காங்க சார்! முன்னாடி நான் சொன்னதெல்லாம் பச்சைப் பொய் சார்!" அந்த மனிதர் ஃபைலை மடியில் வைத்து, படியிலேயே உட்கார்ந்து எழுதினார். அக்கா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாதக் கடைசிக்கு முன்னாலேயே கணக்கு எண் வந்துவிட்டது. அதை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்த வாரமே சூப்பர்வைசர் நாற்காலி அவளுக்கு என்றாகிவிட்டது.

ஏடிஎம் கார்டு தபாலில் வந்தது. கம்பெனி விடுமுறை நாள் ஒன்றில் தபால்காரர் கேட்டில் நின்றுகொண்டு அவளுடைய முழுப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். கடையில் இருந்த ஃபேன் மாமா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டு, சட்டென்று மூடிக்கொண்டார். மூன்றாம் மாடி ஜன்னலில் மகளின் தலை எட்டிப் பார்த்தது.

"இருக்காங்க! எங்க அம்மாதான்! இருக்காங்க, இதோ வர்றாங்க!"