ஏறுமுன் கை நீட்டுபவர்

"வரிசையில போறதுக்கு முன்னாடி எல்லாரும் இப்படி வந்துட்டுப் போங்க" என்று வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார் பஹாரோம். பின்னால் நிற்கும் கூட்டம் முணுமுணுக்கிறது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. தம்பி பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றி, குனிந்து, மூக்கில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

"பாக் லோங், தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதையெல்லாம் மன்னிச்சிருங்க. உங்க வீட்டுல தின்னது குடிச்சதெல்லாம் ஹலாலாக்கிருங்க."

"ஆக்கியாச்சு. கழுத்த நேரா வச்சுக்க. அடுத்த ஆளு வா."

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் கேட்கும் மன்னிப்பு இது. பெருநாள் காலையில் மகன் தகப்பனிடம் கேட்பான், மனைவி கணவனிடம் கேட்பாள். பஹாரோம் அதைத் தீம் பார்க்கின் ரோலர் கோஸ்டர் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். "பயணம்னா பயணந்தான். தூரமாப் போனா என்ன, உயரமாப் போனா என்ன" என்பது அவருடைய கட்சி. தங்கை மகன் ஒருவன் ஒருமுறை கை கொடுக்காமல் கப்பல் ஊஞ்சலில் ஏறிவிட்டு, இறங்கியதும் காலை உணவு முழுவதையும் பூச்செடியில் கக்கினான். பூச்சட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கதை வரும். அதன் பிறகு அவரிடம் மன்னிப்பு வாங்காமல் அந்தக் குடும்பத்தில் யாரும் எதிலும் ஏறியதில்லை. குழந்தைகள் சுற்றும் குதிரை ராட்டினத்துக்குக்கூட கை கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

குடும்பத்தில் மூத்தவர் என்பதால் பிள்ளைகளுக்கெல்லாம் மலாய் முறைப்படி அவர் பாக் லோங், மனைவி ஸவியா மாக் லோங்; நம் பெரியப்பா, பெரியம்மா மாதிரி. மலேசியாவில், தெமர்லோ ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலையில் வண்டியைக் கிளப்புமுன் கையேந்திப் பயண துஆ ஓதுவார். பின் இருக்கைகளில் இருக்கும் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் சேர்ந்து "ஆமீன்" என்று கத்தினால்தான் கியர் விழும். முன்னால் மாட்டு வண்டியே போனாலும் முந்தமாட்டார். டிசம்பர் விடுமுறை வந்ததும் அதே வேனில் பள்ளிப் பைகள் இருந்த இடத்தில் பாய், தெர்மாஸ், வாழை இலையில் கட்டிய நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு எல்லாம் ஏறும். தம்பி தங்கைகளின் குடும்பங்கள் முட்டி மோதி உட்காரும். மலையடிவாரத்துத் தீம் பார்க்குக்கு வண்டி புறப்படும்.

உள்ளே வெளிச் சாப்பாடு கூடாது. ஆகவே வண்டி நிறுத்துமிடத்திலேயே, வேனின் நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். காவலாளிக்கும் ஒரு பொட்டலம் போகும். வருஷா வருஷம் இது நடப்பதால் காவலாளியே இப்போது நல்ல நிழலாகப் பார்த்து இடம் காட்டுகிறார்.

பஹாரோம் எதிலும் ஏறமாட்டார். மீன் பிடிக்கப் போகிறவர்கள் அணியும், பை மேல் பை வைத்த அரைக்கோட்டு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி மேல் பையில், கைப்பேசிகள் இடப்பக்கம், வாந்திக்குப் பிளாஸ்டிக் உறை வலப்பக்கம். தோளில் பெண்களின் கைப்பைகள் தொங்கும். இறங்கும் வாசலில் கம்பியோரம் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பார். புட்டியின் மூடியை முன்னாலேயே திறந்து வைத்திருப்பார். நடுங்கும் கையால் மூடி திறக்க முடியாது என்பது அவர் கண்டுபிடித்தது.

"பாக் லோங், ஒரு வாட்டியாவது ஏறுங்களேன்" என்று யாராவது இழுப்பார்கள்.

"நானும் ஏறிட்டா மேல போனவங்களுக்கு யாரு மன்னிப்புக் குடுக்கிறது?" என்பார். உண்மையில் அவருக்குப் பயம். அது எல்லோருக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஏறுவதெல்லாம் ஸவியாதான். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறும் அந்த அம்மாளுக்கு வண்டியின் முதல் வரிசைதான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு நிற்பார். உச்சியில் வண்டி ஒரு நொடி தயங்குமே, அப்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவார். பிறகு அந்த அலறல். கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகள் அந்தச் சத்தத்தை வைத்தே குடும்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வந்துவிடும்.

இறங்கியதும் கணவரிடம் கதை தொடங்கும்; அவரை 'அபாங்' என்றுதான் கூப்பிடுவார். "அபாங், அந்த ரெண்டாவது திருப்பம் இருக்குதே, வயிறு தனியா நிக்குது, நான் தனியாப் போறேன்!" வண்டி நிறுத்துமிடத்தில் தொடரும், நெடுஞ்சாலையில் தொடரும், தெமர்லோ பாலம் வந்தாலும் முடியாது. பஹாரோம் வண்டியை நிதானமாக ஓட்டிக்கொண்டு "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஏறாத மனிதருக்கு அந்தப் பூங்காவின் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடம். அவர்கள் இல்லறம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. ஸவியா போய்வருவார். இவர் கேட்டுக்கொள்வார்.

போன நோன்பு மாதத்தில் ஸவியாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தபடி பஹாரோம் உட்கார்ந்திருந்தார். படுக்கையோடு தள்ளிக்கொண்டு போன அவசரத்தில் இருவரும் கைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. குதிரை ராட்டினத்துக்குக் கேட்ட மன்னிப்பு, கேட்டே ஆகவேண்டிய இடத்தில் கேட்காமல் போய்விட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி மகள் இஸ்ஸாவிடம் மட்டும், வேனுக்குக் காற்று அடிக்கும்போது, ஒருமுறை சொன்னார்.

இந்த வருஷம் பயணமே வேண்டாம் என்றார் பஹாரோம். ஸவியாதான் பிடிவாதமாகக் கிளப்பினார். "நான் ஏறல. பிள்ளைங்க ஏறுறதப் பாத்துட்டு வரேன். வீட்டுல உக்காந்து சுவத்தப் பாக்கிறதுக்கு அது மேலு."

பச்சை நாகம் என்ற ரோலர் கோஸ்டர் வாசலில் பிள்ளைகள் எல்லாம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஸவியா வந்து நின்றார். கைப்பையைக் கணவர் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அபாங், ஒரே ஒரு வாட்டி. மன்னிச்சிருங்க."

பஹாரோம் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். அதில் இதயம் ஒன்றை வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"பாத்தேன். அதுல வெறும் நெஞ்சுதான் போட்டிருக்கு. என் நெஞ்சுக்கு டாக்டரு கம்பி வச்சுக் கட்டியிருக்காரு. இது கெட்டி."

பஹாரோம் சிரிக்கவில்லை. நீட்டியிருந்த கையை இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்க முடியாது."

வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பாக் லோங் மன்னிப்பு மறுத்து அவர்கள் பார்த்ததே இல்லை.

"நான் என்னா தப்பு பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. அதான் குடுக்கல."

"பெருநாள் காலையிலகூட கேட்ட உடனே குடுப்பீங்களே!"

"பெருநாளுக்கு இவ்ளோ உயரம் கிடையாது."

ஸவியாவின் முகம் மாறிவிட்டது. "ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுலேருந்து எல்லாரும் என்ன உக்கார வச்சுட்டீங்க. வாளிய தூக்காத, படி ஏறாத, சத்தமாப் பேசாத. செத்தவள உக்கார வச்சாப்ல இருக்கு, அபாங்."

பஹாரோமுக்கு அது நெஞ்சில் தைத்தது. ஆனாலும் கையை முன்னால் கொண்டுவரவில்லை. மன்னிப்பு இல்லாமல் ஸவியாவும் அந்த வாசலைத் தாண்டமாட்டார். அவர்கள் இருவருக்கும் நடுவில் வழி கேட்டு ஒரு சீனக் குடும்பம் நுழைந்து போயிற்று.

"சரி" என்றார் ஸவியா, முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அப்ப நீங்க போங்க. போய்ட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

"நானா?"

"வேற யாரு? இத்தன வருசம் நான் போய்ட்டு வந்து சொல்லல?"

பஹாரோம் பச்சை நாகத்தின் உச்சியைப் பார்த்தார். இஸ்ஸாவைப் பார்த்தார். அவள் வரிசையில் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து நின்றாள். அவர் கைப்பைகளைக் கழற்றினார். அரைக்கோட்டைக் கழற்றி ஸவியாவுக்குப் போட்டுவிட்டு, எந்தப் பையில் எது என்று தட்டித் தட்டிக் காட்டினார். மூக்குக்கண்ணாடியை மேல் பையில் தானே செருகினார். பிறகு, பழக்க தோஷத்தில், கையை நீட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

நீட்டிய பிறகுதான் புறப்படுகிறவர் தாம் என்பது உறைத்தது. குனிந்தார். மனைவியின் கையை இரண்டு கைகளாலும் பற்றி மூக்கில் ஒற்றிக்கொண்டார். ஊரில் எந்த ஆணும் செய்யாதது அது. பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மன்னிச்சிரு, ஸவியா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில கேக்கல."

ஸவியா மறுகையால் அவரை நிமிர்த்தினார். பிறகு, "மன்னிச்சாச்சு. என் கையால தின்னது எல்லாம் ஹலால்" என்றார். "கழுத்த நேரா வச்சுக்குங்க. அடுத்த ஆளு வா."

வண்டி போய்விட்டு வந்தது. இஸ்ஸா தோள் கொடுக்க, பஹாரோம் கம்பியைத் தடவித் தடவி இறங்கினார். முகத்தில் இரத்தமே இல்லை. வாசலில் ஸவியா மூடி திறந்த புட்டியோடு நின்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. மேல போனா ஏரி தெரியுது. நம்ம வேன் தெரியுது. பாய் காயப் போட்டிருக்கோமே, அதுகூடத் தெரியுது."

ஏறியவர்களைப் படமெடுத்து விற்கும் இடம் பக்கத்திலேயே இருந்தது. திரையில் படம் வந்துவிட்டது. முன் வரிசையில் பஹாரோம் கண்களை இறுக மூடி, பயண துஆவில் வாய் பாதி திறந்திருக்க, இஸ்ஸாவின் முக்காட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கண்ணால பாத்தீங்க?" என்றார் ஸவியா.

"யா அல்லாஹ், மாக் லோங், பாக் லோங் என் முக்காட்ட விடவே இல்ல" என்று இஸ்ஸா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ண மூடிட்டுப் போய்ட்டு வந்து என்கிட்ட ஏரியக் காட்டறீங்களா? மறுபடி போங்க."

"ஸவியா..."

"மன்னிச்சாச்சு. போங்க."

பஹாரோம் போனார். இந்தமுறை இஸ்ஸாவும் போகவில்லை. வரிசை நீளமாக இருந்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் வந்துவிடுவோம் என்ற பயம்தான். ஸவியா அரைக்கோட்டுப் பைகளைத் தடவியபடி கம்பியோரம் நின்றார். வண்டி உச்சிக்கு ஊர்ந்தபோது, கணவருக்கு என்னவாகுமோ என்று முதல்தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது. கம்பியோரம் நிற்பது இவ்வளவு கஷ்டமா என்று இஸ்ஸாவிடம் கேட்டார்.

திரும்பி வந்தவர் தண்ணீர் குடிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. ஸவியாவும் பார்க்கவில்லை. மனைவியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எதிரில் நின்றார்.

"ஏரியெல்லாம் ஒண்ணும் தெரியல" என்றார் மூச்சு வாங்க. "மரந்தான் தெரியுது. மெதுவா ஏறுது. கடகடன்னு ஒரு சத்தம், அத நீ சொன்னதே இல்லையே. வானம் நேரா மூஞ்சிக்கு வருது. அப்புறம் மேல போயி நிக்குது, ஸவியா. நின்னு யோசிக்குது."

"அப்புறம்?"

வலது கையை அவர் தம் தலைக்கு மேலே உயர்த்தினார். கை உச்சியில் நின்றது.

பெஞ்சில் ஸவியா கண்களை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.