எலிகள் மதிக்காத சத்தம்

1979இல் டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன ஜலஜாவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, அணிலின் முதுகில் எத்தனை கோடு என்பது.

கேட்ட பெரியவர், ராமர் தடவிய மூன்று கோடுதானே என்று தானே பதிலும் சொல்லிச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். "தென்னாட்டு அணிலுக்குத்தான் மூணு, சார். உங்க ஜன்னலுக்கு வெளியே ஓடறதே, அதுக்கு அஞ்சு" என்றாள் ஜலஜா. சிரிப்பு நின்றது. அடுத்த கேள்வி, கல்யாணம் எப்போது என்பது. அதற்கடுத்தது, கல்யாணமான பிறகு கணவர் டெல்லியில் இருப்பாரா என்பது. அவ்வளவுதான் தேர்வு.

அவள் என்ன ஆராய்ச்சி செய்தாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டெல்லிப் பூங்காக்களில் டேப் ரிக்கார்டரும் கையுமாக அலைந்து, பூனையைக் கண்டால் அணில் போடும் கூச்சல் வேறு, மேலே பருந்து வட்டமிட்டால் போடும் கூச்சல் வேறு என்று பிரித்து வைத்திருந்தாள். மயக்கமருந்து கொடுத்த அணிலின் மூளையில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் செருகி, அந்த இரண்டு கூச்சலையும் மூளை எங்கே, எப்படிப் பிரித்துக் கேட்கிறது என்று பார்த்திருந்தாள். அதற்குத்தான் டாக்டர் பட்டம். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த மரியாதை ராமர் தடவிய கோடு.

முனிர்காவில், யூனிவர்சிட்டிக்குப் பக்கம், ஜலஜாவோடு ஒரே அறையில் நாலைந்து வருஷம் இருந்தவள் நான். ஒரு அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மூளை, நரம்பு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஜலஜாவுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் வெங்கடேஸ்வரன், "மனசை விட்டுடாதேம்மா. என் ப்ராஜெக்ட்ல தற்காலிகமா ஒரு எடம் இருக்கு. நம்ம பொண்ணை நான் விட்டுடுவேனா?" என்றார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த அவள் அப்பா மகாதேவன், மத்திய அரசில் மேல்நிலை குமாஸ்தா, அன்று பேராசிரியர் வீட்டுக்குப் பழத்தட்டோடு போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ப்ராஜெக்ட் அணில் சம்பந்தப்பட்டதில்லை. எலி விரட்டும் பெட்டி. மனிதக் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தத்தை அது எழுப்புமாம். எலிக்குக் காது வலித்து, கிடங்கைவிட்டே ஓடிவிடுமாம். பெட்டியைச் செய்த கம்பெனி, அரசாங்கத் தானியக் கிடங்குகளுக்கெல்லாம் அதை விற்கப் பார்த்தது. அதற்கு ஒரு விஞ்ஞானியின் கையெழுத்து வேண்டும். வெங்கடேஸ்வரனைப் பிடித்திருந்தார்கள்.

ஜலஜா ஒழுங்காகச் சோதித்தாள். எலிக்கு அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்தது. பெட்டியைப் போட்டதும் மிரண்டு ஓடியது. ஆனால் சாப்பாடு அங்கேயே இருந்தால் சில நாளில் திரும்பி வந்தது. மூளையில் வைத்த கம்பியும் அதையே சொன்னது. முதலில் அந்தச் சத்தத்துக்குத் துள்ளிய நரம்பு, போகப்போகச் சும்மா கிடந்தது. ஒரே கூச்சலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டி, பூனை வராமலே இருந்தால் அணிலும் இப்படித்தான் காதில் போட்டுக்கொள்ளாது என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதோடு, நடுவில் ஒரு கோதுமை மூட்டை இருந்தால் போதும், அந்தச் சத்தம் அதைத் தாண்டாது. கிடங்கு முழுக்க மூட்டைதானே!

இதை அவள் எழுதிக் கொடுத்தாள். பேராசிரியர் படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"முதல் ரெண்டு நாள் எலி ஓடித்தோல்லியோ?"

"ஓடித்து சார். அப்பறம் வந்துடுத்து."

"ஓடினதை எழுது. வந்ததை அவா கேக்கலை."

"கேக்காட்டா சொல்லக்கூடாதா சார்?"

"ஜலஜா, இந்த ஊர்ல ஆராய்ச்சி பண்ணணும்னா மிஷின் வேணும், ரூம் வேணும், நாலு பேர் தயவு வேணும். இந்த கம்பெனிக்காரன் நமக்குப் புது ஆசிலோஸ்கோப் தரேங்கறான். உன் அணிலுக்குத்தான் அது. புரியறதா?"

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. தன் அணிலையே விலையாக வைத்துப் பேசுகிறாரே என்று அறைக்கு வந்ததும் என்னிடம் கத்தினாள். அப்போதே ராஜினாமா செய்திருப்பாள். நான்தான், "விட்டுட்டு வந்தா அவா இஷ்டத்துக்கு எழுதிப்பா. நீ இருந்தாலாவது ஒரு வாய் இருக்கும்" என்றேன்.

கிடங்கில் செயல்விளக்கம் நடந்தது. பந்தல், நாற்காலி, சமோசா, டீ. உணவு இலாகாவிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். பெட்டியை அதற்கு இரண்டு நாள் முன்புதான் மாட்டியிருந்தார்கள். எலி இல்லாமல் கிடங்கு சுத்தமாக இருந்தது. ஜலஜாவின் வேலை, சத்தத்தை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பைப் போட்டு, திரையில் பச்சை அலை நெளிவதைக் காட்டுவது மட்டும். வாயைத் திறக்கக் கூடாது என்று பேராசிரியர் காரிலேயே சொல்லியிருந்தார்.

அலையைப் பார்த்து ஓர் அதிகாரி, "பஹுத் அச்சா" என்றார். பிறகு ஏதோ கேட்க வேண்டுமே என்று, "மேடம், இது எத்தனை நாள் வேலை செய்யும்?" என்று இந்தியில் கேட்டார்.

"பின்னாடி இருக்கும் கிடங்கிலும் ஒரு பெட்டி இருக்கிறது. போன மாதமே மாட்டியது. வந்து பாருங்கள்" என்று இந்தியிலேயே பதில் சொன்னாள் ஜலஜா.

பேராசிரியர், "அங்கே ஒண்ணும் இல்லை, நேரமாயிடுத்து" என்றார். கம்பெனி முதலாளி சமோசாத் தட்டை நீட்டினார். ஆனால் அதிகாரி எழுந்துவிட்டார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

பின்கிடங்கில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் கீழே மூட்டைகளில் ஓட்டை, தரையெல்லாம் எலிப் புழுக்கை. ஜலஜா மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெட்டியின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே சாக்கு நாரும் காகிதமுமாக ஒரு கூடு. கண் திறக்காத எலிக்குஞ்சுகள் சிவப்பாகச் சுருண்டு கிடந்தன. பெட்டி நாள் முழுக்கச் சூடாக இருந்ததால் டெல்லிக் குளிருக்குத் தாய் எலி அங்கேயே குடிவைத்துவிட்டது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். ஜலஜா சிரிக்கவில்லை. "சாப்பாட்டுக் கோதுமை, சார். இதற்குச் சிரிக்காதீர்கள்" என்றாள்.

திரும்பும் வழியில் காரில் பேராசிரியர் வெடித்தார்.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே! நம்மவளாச்சேன்னு எடம் கொடுத்தேன் பாரு!"

"நம்மவா நம்மவான்னு சொல்லித்தானே சார் வாயைக் கட்டினேள்? நான் பொய் சொன்னா உங்களுக்கு மானம், நெஜம் சொன்னா அவமானமா?"

"நாளைலேந்து லாபுக்கு வராதே."

"வண்டியை நிறுத்தச் சொல்லுங்கோ."

இறங்கி, பஸ் பிடித்து வந்தாள். இரண்டே மாதத்தில் அதே பெட்டி வேறு நிறத்தில், வேறு பெயரில், வேறொருவர் கையெழுத்தோடு கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தது. சிரித்த அதிகாரிதான் ஆர்டர் போட்டார் என்று கேள்விப்பட்ட அன்று ஜலஜா சாப்பிடவில்லை. நானும்தான்.

கோல் மார்க்கெட் வீட்டில் பெரிய ரகளை. "போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சுடும்? பெரிய மனுஷர்" என்றார் மகாதேவன். இதுவரை எதிலும் தலையிடாத அம்மா அனந்தலக்ஷ்மி கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "எலி அவர் மிஷினுக்குள்ள குட்டி போட்டா இவ என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கணும்? அந்த எலியைக் கேக்கச் சொல்லுங்கோ." மகாதேவன் அதற்குப் பிறகு பழத்தட்டோடு பேராசிரியர் வீட்டுக்குப் போகவில்லை.

அதன்பிறகுதான் உண்மையான தண்டனை. விலங்குகளின் நடத்தை, புலன், மூளை என்று ஆராய்ச்சி நடக்கும் இடங்களே நாட்டில் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. எங்கே விண்ணப்பித்தாலும் "உங்கள் வழிகாட்டி யார், அவர் என்ன சொல்கிறார்?" என்றார்கள். அவர் என்ன சொன்னாரோ, பதிலே வராது. தப்பித்தவறி ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. உள்ளே போனால், குழுவில் வெங்கடேஸ்வரன் உட்கார்ந்திருந்தார்.

"இவர் என் வேலையைப் பொய்யாக எழுதச் சொன்னவர். இவர் இருக்கும்போது நான் பதில் சொல்ல முடியாது" என்றாள் ஜலஜா. அப்படியானால் நீங்கள் போகலாம் என்றார் தலைவர். "இங்கே காலியிடம் இருக்கிறது, எனக்குத் தகுதி இருக்கிறது. எழுந்து போக வேண்டியவர் நான் இல்லை" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் குழுவே எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டது. காலி நாற்காலிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் இருந்தாளோ. அறைக்கு வந்தபோது முகம் வெந்துபோயிருந்தது. "பயந்து ஓடினது அவா, விசாலம்" என்றாள். பிறகு தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரிக்கார்டரோடு பூங்காவுக்குப் போவதை மட்டும் விடவில்லை.

டெல்லியில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டி முடிந்த அடுத்த வருஷம், ஒரு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஜப்பான் இயந்திரம் ஒன்று வந்து சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டாள். தூங்கும் குழந்தையின் தலையில் கம்பிகளை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்கு அது போகிறதா என்று பார்க்கும் இயந்திரம். நேராகப் போய் நின்றாள். அந்தப் பிரிவின் தலைவி ஒரு பஞ்சாபிப் பெண்மணி. சிபாரிசு எதுவும் கேட்கவில்லை. "எதைப் போட்டாலும் திரையில் குப்பையாக ஓடுகிறது. சரிசெய்தால் வேலை" என்றார். ஜலஜா அறையைச் சுற்றிப் பார்த்தாள். டியூப்லைட்டை அணைத்தாள், மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றச் சொன்னாள், எர்த் ஒயர் சரியாக இணைக்கப்படாததைக் கண்டுபிடித்து மாற்றினாள். அவற்றின் மின்சார இரைச்சல்தான் திரையில் கலந்திருந்தது. திரை தெளிந்தது. அணிலின் மூளையைக் கேட்டுப் பழகிய கைக்கு இது தெரியாதா என்ன!

அங்கே வந்தவள்தான் செங்கம்மாள். விழுப்புரம் பக்கம். ஏஷியாட் கட்டட வேலைக்கு வந்து, ஜமுனைக் கரைக் குடிசையில் தங்கிவிட்டவள். இடுப்பில் நாலு வயசுப் பெண் பவுனு. பேச்சு வரவில்லை. அதே ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, மூளை வளர்ச்சி இல்லாத குழந்தை என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்தி தெரியாத செங்கம்மாள் பேந்தப்பேந்த விழித்ததால், தாயையும் சேர்த்து அப்படியே நினைத்துக்கொண்டாராம்.

பவுனுவைத் தூங்கவைத்துச் சோதித்தாள் ஜலஜா. சின்னச் சத்தத்துக்குத் திரையில் ஒன்றுமில்லை. கூட்டிக்கொண்டே போனாள். மிகப் பெரிய சத்தத்துக்கு ஒரு சின்ன அலை மேலே எழுந்தது.

"கொழந்தைக்கு மூளை நன்னா இருக்கு. காதுதான் கேக்கலை. கொஞ்சம் மிச்சம் இருக்கு. மிஷின் வெச்சா கேக்கும்."

செங்கம்மாள் குழந்தையின் முதுகைத் தடவினாள். "கூப்புட்டா திரும்பலன்னு அடிச்சனே தாயி. திமிருன்னு நெனச்சு அடிச்சனே. அந்த டாக்டரு கேட்டுப் பாத்திருந்தா..."

ஜலஜா இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்த டாக்டரின் அறைக்குப் போனாள். வாசலில் நோயாளிகள் நிற்க, அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஒரு தடவை கை தட்டிப் பார்த்தீர்களா? கை தட்டுவதற்கு என்ன படிப்பு வேண்டும்?" புகார் போயிற்று, மெமோ வந்தது. தலைவி அதைக் கிழித்துப்போட்டார்.

காதுக் கருவி கிடைத்தது. மார்பில் கட்டும் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். ஆனால் பாட்டரி ஸ்டோரில் இல்லை, அடுத்த மாதம் வா என்றான் ஸ்டோர் கிளார்க். "அடுத்த மாசம் வரைக்கும் இந்தக் கொழந்தை காதை மூடிண்டு இருக்கணுமா?" என்று தமிழிலேயே சத்தம் போட்டாள் ஜலஜா. அவனுக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனால் அலமாரி திறந்தது.

கருவியைக் காதில் மாட்டியதும் செங்கம்மாள் பின்னால் நின்று, "பவுனு" என்று கூப்பிட்டாள். குழந்தை திடுக்கிட்டு, ஓவென்று அழ ஆரம்பித்தது.